மின்தடைக்குப் பின் ஒரே கோரில் குவிந்த இழைகள்: கோத்தகிரித் தேயிலைத் தொழிற்சாலையில் ஒரு நிகழ்வு ஆய்வு

கோத்தகிரிப் பக்கம் ஓர் ஆர்தடாக்ஸ் தேயிலைத் தொழிற்சாலையில், உலர்த்திச் சலித்த தேயிலையிலிருந்து தண்டையும் நாரையும் பிரித்தெடுக்கும் கலர் சார்ட்டர் ஒன்று ஓடுகிறது. அதன் கணினிப் பகுதியைப் பார்த்துக்கொள்வது என் வேலை. சரிவுத் தகட்டில் வழுக்கி விழும் தேயிலையை இரு பக்கமும் ஒவ்வொரு கேமரா பார்க்கிறது. தண்டின் நிறம் தென்பட்டால் கீழே இருக்கும் காற்று வால்வு ஒரு கணம் திறந்து, அந்தத் துகளை மட்டும் அடித்துத் தள்ளும்.

விழும் துகளின் வேகம் ஏறக்குறைய நொடிக்கு 3 மீட்டர். கேமரா பார்க்கும் கோட்டிலிருந்து வால்வு 6 சென்டிமீட்டர் கீழே இருக்கிறது. ஆகவே படம் எடுப்பதற்கும் வால்வு திறப்பதற்கும் இடையில் கிடைப்பது 20 மில்லிநொடிதான். அதில் 1 மில்லிநொடி பிந்தினாலும் துகள் 3 மில்லிமீட்டர் கீழே போய்விடும். தண்டு தப்பிவிடும், அதன் பின்னால் வரும் நல்ல இலை அடிபட்டுக் கழிவுத் தொட்டியில் விழும். கணினியின் சராசரி வேகம் இங்கே பொருட்டில்லை. ஒவ்வொரு முறையும் சொன்ன நேரத்துக்கு வேலை முடிந்தாக வேண்டும்.

வந்த புகார் இதுதான்: கரண்ட் போய் வந்த பிறகு சில நேரங்களில் தண்டு கூடுதலாக வருகிறது. கணினியை அணைத்து மீண்டும் போட்டால் சரியாகிவிடுகிறது. புகாரோடு சேர்த்து நிர்வாகம் இன்னொன்றையும் சொன்னது: இது பெரும்பாலும் ஒரே ஆபரேட்டரின் இரவு ஷிஃப்டில்தான் நடக்கிறது, அவர் இயந்திரத்தைச் சரியாகக் கவனிப்பதில்லை. நீலகிரியில் தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் கற்பூர மரக் கிளை ஒன்று மின்கம்பியில் விழுந்தால் போதும், சுற்றுவட்டாரமே இருண்டுவிடும். ஒரே இரவில் பலமுறை மின்தடை வருவது இங்கே புதிதல்ல. அப்படியிருக்க, சில மின்தடைகளுக்குப் பின் மட்டும் கோளாறு வருவதும் அது ஒருவரின் ஷிஃப்டையே நாடி வருவதும் எனக்கு உறுத்தலாக இருந்தன.

அமைப்பு எப்படி இருந்தது

கணினியில் நான்கு கோர்கள், அதாவது தனித்தனியாக வேலை செய்யும் நான்கு செயலிப் பகுதிகள். இயங்குதளம் டெபியன் 11, அதன் மையப் பகுதி லினக்ஸ் கெர்னல் 5.10. கெர்னல் துவக்க வரியில் ஐசோல்சிபியுஸ் என்ற அமைப்பின் வழியாக 1, 2, 3 ஆகிய கோர்கள் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தன. இப்படி ஒதுக்கப்பட்ட கோர்களை, எந்த வேலை எந்தக் கோரில் ஓடும் என்று தீர்மானிக்கும் ஷெட்யூலர் தன் சுமைப் பகிர்வுக் கணக்கில் சேர்ப்பதில்லை. யாராவது ஓர் இழையை (நிரலுக்குள் தனியாக ஓடும் ஒரு வேலையை) வெளிப்படையாக அங்கே பிணைத்தால்தான் அது அங்கே ஓடும். இடது கேமராவின் பட இழை 1-ஆம் கோரிலும், வலது கேமராவின் பட இழை 2-ஆம் கோரிலும், வால்வைத் திறக்கும் இழை 3-ஆம் கோரிலும் பிணைக்கப்பட்டிருந்தன. மூன்றும் நிகழ்நேர முன்னுரிமை பெற்றவை, அதாவது சாதாரண வேலைகளை முந்தி ஓடுபவை. இரண்டு கேமராக்களின் நெட்வொர்க் இன்டரப்ட்களும் (தரவு வந்துவிட்டது என்று சாதனம் கோருக்குக் கொடுக்கும் குறுக்கீட்டுக் குரல்கள்) முறையே 1, 2 ஆகிய கோர்களுக்குத் திருப்பிவிடப்பட்டிருந்தன. கோப்பு எழுதுவது, திரையில் காட்டுவது, தொலைநிலை இணைப்பு போன்ற மற்ற எல்லாம் 0-ஆம் கோரில்.

பிணைக்கப் பயன்படும் கெர்னல் அழைப்பு ஷெட்_செட்அஃபினிட்டி. லினக்ஸின் 2.5.8 பதிப்பில் வந்தது. ஓர் இழைக்கு எந்தெந்தக் கோர்கள் அனுமதி என்ற பட்டியலை அது கெர்னலிடம் கொடுக்கிறது. இங்கே கவனிக்க வேண்டியது, அந்தப் பட்டியல் முழு நிரலுக்கும் உரியதல்ல, ஒவ்வொரு இழைக்கும் தனித்தனியானது. பிணைப்பை வெளியிலிருந்து மாற்றும் டாஸ்க்செட் கருவியில் எல்லா இழைகளுக்கும் என்று குறிப்பிடாமல் நிரலின் எண்ணை மட்டும் கொடுத்தால், முதன்மை இழையின் பட்டியல் மட்டுமே மாறும். இந்த வகைக் கோளாறுகளில் நான் முதலில் சந்தேகிப்பது இதைத்தான். ஆனால் இந்த நிரல் ஒவ்வோர் இழைக்குள்ளிருந்தும் அழைப்பைச் செய்து, முடிவையும் பதிவு செய்திருந்தது. இன்டரப்ட்களைத் தானாக இடம் மாற்றும் ஐஆர்க்யூபேலன்ஸ் சேவையும் நீக்கப்பட்டிருந்தது. இரண்டு வழக்கமான காரணங்களும் அதோடு அடிபட்டுப்போயின.

திசை திருப்பிய ஒரு வரி

கோளாறு நடந்துகொண்டிருக்கும்போதே கெர்னல் பதிவைப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தது. கண்ணில் முதலில் பட்டது, நிகழ்நேர இழைகளுக்கான கட்டுப்பாடு செயல்படத் தொடங்கிவிட்டது என்ற ஒற்றை வரி. இது லினக்ஸில் இயல்பாகவே இருக்கும் ஒரு காப்பு. நிகழ்நேர இழைகள் ஒரு கோரை முழுவதுமாக விழுங்கிவிடாமல் இருக்க, ஒவ்வொரு 1 நொடியிலும் அவற்றுக்கு அதிகபட்சம் 950 மில்லிநொடிதான் கொடுக்கப்படும். மீதி 50 மில்லிநொடிக்கு அவை நிறுத்தி வைக்கப்படும். எங்கள் கணக்கில் 50 மில்லிநொடி என்பது துகள் 15 சென்டிமீட்டர் விழும் நேரம். அந்த இடைவெளியில் வரும் தண்டு எதுவும் வால்வில் மாட்டாது. தண்டு ஏன் கூடியது என்பதற்கு நேரடி விடை கிடைத்துவிட்டது போலத் தோன்றியது.

அந்தக் கட்டுப்பாட்டை அணைத்துவிடலாம் என்ற யோசனை உடனே வந்தது. கெர்னல் அமைப்பில் ஓர் எண்ணை −1 என மாற்றினால் போதும். நான் அதற்கு இணங்கவில்லை, இன்றும் இணங்க மாட்டேன். ஒவ்வொரு பட இழையும் தன் கோரில் பாதிக்குச் சற்று மேல்தான் எடுத்துக்கொள்ளும் என்பது அளந்து தெரிந்த விஷயம். தனிக் கோரில் பாதி எடுக்கும் இழை 95 விழுக்காட்டை எட்டியது எப்படி என்ற கேள்விக்கு விடை இல்லாமல் அந்தக் காப்பை எடுத்திருந்தால், கணினி தொலைவிலிருந்து தொட முடியாத அளவுக்கு உறைந்திருக்கும். அந்த வரி துவக்கத்திலிருந்து ஒரே ஒரு முறைதான் பதிவாகும் என்பதையும் சொல்ல வேண்டும். அதை வைத்துக் கோளாறு எத்தனை முறை நடந்தது என்று எண்ண முடியாது.

விடை கோர்வாரியான பயன்பாட்டில் இருந்தது. 0-ஆம் கோர் நிரம்பி வழிந்தது. 1, 2, 3 ஆகியவை வெறுமனே இருந்தன. ஒவ்வோர் இழையும் கடைசியாக ஓடிய கோரைக் காட்டும் பத்தியை இழைகளின் பட்டியலில் சேர்த்துப் பார்த்தபோது மூன்று நிகழ்நேர இழைகளுக்கும் 0 என்றே வந்தது. கெர்னல் தன் நிலையைக் காட்டும் ப்ராக் கோப்பகத்தில் அவற்றின் அனுமதிப் பட்டியல், ஒற்றைக் கோர் எண் இருக்க வேண்டிய இடத்தில், 0 முதல் 3 வரை என்று சொன்னது. எங்கள் நிரல் எங்குமே அப்படி ஒரு பட்டியலைக் கேட்பதில்லை. வேறு யாரோ மாற்றியிருக்கிறார்கள்.

பாதிக்கு மேல் எடுக்கும் இரண்டு இழைகள் ஒரே கோரில் சேர்ந்தால் 95 விழுக்காட்டைத் தாண்டத்தான் செய்யும். கட்டுப்பாட்டு வரி நோயின் விளைவு, காரணம் அதற்கு முன்னால் இருந்தது.

கோர்களை அணைத்தது யார்?

கெர்னல் பதிவில் சற்று மேலே போனால் மூன்று வரிகள் (பதிவில் கோரின் பெயர் சிபியு): 1-ஆம் சிபியு அணைந்தது, 2-ஆம் சிபியு அணைந்தது, 3-ஆம் சிபியு அணைந்தது. அவற்றுக்குச் சில நொடிகள் கழித்து, எங்கள் இழைகளின் பெயரோடு, இந்தச் செயல்முறை இனி இந்தச் சிபியுவோடு பிணைந்திருக்கவில்லை என்ற பொருளில் ஒவ்வொரு வரி. ஒரு நிமிடத்துக்குச் சற்றுப் பிறகு, மூன்று சிபியுக்களும் மீண்டும் துவங்கிய வரிகள். யுபிஎஸ்ஸைக் கவனிக்கும் சேவையின் பதிவோடு நேரத்தை ஒப்பிட்டால் எல்லாம் பொருந்தியது.

யுபிஎஸ் நிறுவப்பட்டபோது அதனோடு ஒரு ஸ்கிரிப்டும் வந்திருந்தது. மின்சாரம் நின்று பேட்டரிக்கு மாறியதும், அணைக்க முடிந்த எல்லாக் கோர்களையும் அணைத்துவிடுவது அதன் வேலை. பேட்டரி நெடுநேரம் தாங்க வேண்டும் என்ற நல்ல எண்ணம். எக்ஸ்86 கணினிகளில் 0-ஆம் கோருக்கு அணைப்புக் கோப்பே பொதுவாக இருப்பதில்லை, அதனால் அது மட்டும் தப்பியது. ஜெனரேட்டர் மின்சாரம் முதலில் தடுமாறும் என்பதால், மின்சாரம் திரும்பி ஒரு நிமிடம் நிலையாக இருந்த பிறகே கோர்களை மீட்கும்படி எழுதியிருந்தார்கள். தனியாகப் பார்த்தால் அதுவும் சரியான யோசனைதான்.

ஒரே ஒரு கோரில் மட்டும் ஓடலாம் என்று பிணைக்கப்பட்ட இழையின் கோர் அணைந்துவிட்டால் கெர்னல் என்ன செய்ய முடியும்? அந்த இழையை என்றென்றைக்கும் நிறுத்தி வைக்கலாம், அல்லது பிணைப்பை மீறி வேறு கோரில் ஓடவிடலாம். லினக்ஸ் இரண்டாவதைச் செய்கிறது. அனுமதிப் பட்டியலையே எல்லாக் கோர்களுக்குமாக விரித்துவிட்டு, பதிவில் ஒரு வரி எழுதிவிட்டு, வேலையைத் தொடர்கிறது. இந்த முடிவு சரி என்றே நான் கருதுகிறேன். மற்ற இழைகள் காத்திருக்கும் ஒரு பூட்டைப் பிடித்துக்கொண்டிருக்கும் ஓர் இழை உறைந்துபோனால் அதோடு சேர்ந்து எத்தனை இழைகள் உறையும் என்று யோசித்தால் புரியும். ஆனால் 5.10 கெர்னலில், கோர் திரும்பி வந்ததும் பழைய பட்டியலை மீட்டுக் கொடுக்கும் ஏற்பாடு கிடையாது. பழைய பட்டியல் எங்கும் சேமிக்கப்படவே இல்லை.

இதன்மேல் ஐசோல்சிபியுஸ் செய்த வேலைதான் கோளாறை நிரந்தரமாக்கியது. ஒதுக்கப்படாத கணினியாக இருந்தால், கோர்கள் திரும்பியதும் ஷெட்யூலர் சுமையைப் பார்த்து இழைகளை அவற்றுக்கு நகர்த்தியிருக்கும். பிணைப்புப் போனாலும் பிழைப்பு ஓடியிருக்கும். இங்கே 1, 2, 3 ஆகியவை திரும்பி வந்தும் ஒதுக்கப்பட்டவையாகவே வந்தன. பட்டியல் அனுமதிக்கிறது, ஆனால் சுமைப் பகிர்வு அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை. நிகழ்நேர இழைகளைத் தள்ளிவிடும் தனி ஏற்பாடும் அப்படித்தான். எங்கள் இழைகளுக்காகவே காலி செய்து வைத்த கோர்களுக்கு, எங்கள் இழைகளாலேயே போக முடியாத நிலை. நிரலை மறுதொடக்கம் செய்தால் அழைப்பு புதிதாகச் செய்யப்பட்டுப் பிணைப்பு திரும்பும். கணினியை அணைத்துப் போட்டால் சரியானதன் காரணம் இதுதான்.

ஏன் சில நேரங்களில் மட்டும்?

ஒவ்வொரு மின்தடையிலும் ஸ்கிரிப்ட் ஓடியிருக்கிறது. ஒவ்வொரு முறையும் கோர்கள் அணைந்திருக்கின்றன. அப்படியானால் ஒவ்வொரு முறையும் கோளாறு வந்திருக்க வேண்டும். வரவில்லை. இந்த வழக்கில் என்னை அதிகம் ஈர்த்ததும் அதிக நேரம் எடுத்துக்கொண்டதும் இந்தப் புள்ளிதான்.

இன்டரப்ட் கணக்கு ஒரு துப்புக் கொடுத்தது. கேமரா இன்டரப்ட்கள் எந்தக் கோரில் எத்தனை முறை வந்தன என்று கெர்னல் பத்தி பத்தியாக எண்ணி வைக்கிறது. எந்த மின்தடைக்குப் பின் பார்த்தாலும், 1, 2 ஆகிய கோர்களின் பத்தியில் கேமரா எண்ணிக்கை அப்படியே நின்றுபோய், 0-இன் பத்தியில் ஏறிக்கொண்டிருந்தது. தண்டு கூடாத இரவுகளிலும் அப்படித்தான். அந்த இரவுகளில் இழைகளின் அனுமதிப் பட்டியலோ கெடாமல் இருந்தது. ஆக, இன்டரப்டின் பிணைப்பு ஒவ்வொரு முறையும் உடைகிறது, இழையின் பிணைப்பு சில முறை மட்டுமே உடைகிறது.

இரண்டுக்கும் கெர்னல் நடந்துகொள்ளும் விதம் வேறு. கோர் அணையும்போது, அதற்கு மட்டுமே உரிய இன்டரப்ட்களை அந்தக் கணமே வேறு கோருக்கு மாற்றியாக வேண்டும். சாதனம் எப்போது குரல் கொடுக்கும் என்று தெரியாது. கோர் திரும்பினாலும், கெர்னலே நிர்வகிக்கும் வகையைச் சேர்ந்த இன்டரப்ட்கள் மட்டுமே தானாகப் பழைய இடத்துக்குப் போகும். எங்கள் நெட்வொர்க் அட்டையின் இன்டரப்ட்கள் அந்த வகையல்ல. இழைகள் விஷயத்தில் கெர்னல் அவசரப்படுவதில்லை. அந்தக் கணத்தில் ஓடத் தயாராக வரிசையில் நிற்கும் இழைகளை மட்டுமே அது நகர்த்துகிறது. தூங்கிக்கொண்டிருக்கும் இழையைத் தொடுவதில்லை. அது விழிக்கும்போதுதான், எந்தக் கோரில் ஓடவிடுவது என்ற கேள்வி வருகிறது. அப்போது அனுமதித்த கோர் அணைந்திருந்தால் பட்டியல் விரிக்கப்படும். அதற்குள் கோர் திரும்பியிருந்தால் எதுவுமே நடக்காதது போல இழை தன் கோரிலேயே ஓடும்.

எங்கள் பட இழைகள் கேமராவிலிருந்து ஒரு பிரேம் (ஒரு படம்) வந்தால் மட்டுமே விழிப்பவை. கேமராக்கள் யுபிஎஸ்ஸில் இல்லை, இயந்திரத்தின் மின்சாரத்தில் இருக்கின்றன. மின்சாரம் போனதும் பிரேம் நிற்கும், இழைகள் தூங்கும். ஜெனரேட்டர் வந்தபின் ஆபரேட்டர் இயந்திரத்தைத் தொடங்கும்போதுதான் முதல் பிரேம் வரும். அது அந்த ஒரு நிமிடத்துக்குள் வருகிறதா, பிறகு வருகிறதா என்பதே எல்லாவற்றையும் தீர்மானித்தது.

பகல் ஷிஃப்ட் ஆபரேட்டரிடம் கேட்டேன். "கரண்ட் வந்ததும் நான் முதலில் உலர்த்திக்குத்தான் போவேன் சார். விசிறி நின்றால் உள்ளே இருக்கும் இலை தீய்ந்துவிடும். அதைப் பார்த்துவிட்டு வந்துதான் இதைப் போடுவேன்" என்றார். இரவில் உலர்த்திக்குத் தனி ஆள் உண்டு. இரவு ஆபரேட்டர் இயந்திரத்தின் அருகிலேயே நிற்பவர். ஜெனரேட்டர் சத்தம் கேட்டதும் பொத்தானை அழுத்திவிடுவார். குறை சொல்லப்பட்டவர், இயந்திரத்தை ஒரு நிமிடம்கூடச் சும்மா நிற்கவிடாத மனிதர். இதை நிர்வாகத்திடம் பதிவுகளோடு, நேரத்தோடு எழுத்தில் கொடுத்தேன். அவர் பெயரில் இருந்த புகாரை வாய்ச்சொல்லால் விலக்கினால் போதாது என்று எனக்குப் பட்டது.

சோதித்து உறுதி செய்தது

ஊகத்தை ஊகமாகவே விட மனமில்லை. அதே கெர்னல் உள்ள வேறொரு கணினியில் ஒரு சிறு நிரல் எழுதினேன்: 3-ஆம் கோரில் தன்னைப் பிணைத்துக்கொண்டு, நான் ஒரு விசையை அழுத்தும்வரை தூங்கும் ஓர் இழை, அவ்வளவுதான். முதல் சோதனையில் கோரை அணைத்தேன், மீட்டேன், பிறகு எழுப்பினேன். பட்டியல் 3 என்றே இருந்தது. பதிவில் பிணைப்பு முறிந்த வரி இல்லை. அடுத்து, கோரை அணைத்தேன், எழுப்பினேன், பிறகு மீட்டேன். பட்டியல் 0 முதல் 3 வரை ஆனது, பதிவில் வரி வந்தது, ஒதுக்கப்பட்ட 3-ஆம் கோர் காலியாகவே கிடந்தது. வரிசை ஒன்று மாறியதில் விளைவு தலைகீழானது.

இந்தச் சோதனையில் இன்னொன்றும் தெரிந்தது. கோர் அணைந்திருக்கும்போது அதற்கு மட்டும் பிணைக்கச் சொல்லி அழைத்தால், தவறான மதிப்பு என்ற பிழை திரும்பும், பட்டியல் மாறாது. ஆகவே பிணைப்புப் போனது தெரிந்தவுடன் கண்ணை மூடிக்கொண்டு மறுபடி பிணைப்பது தீர்வாகாது; கோர் திரும்பும்வரை காத்திருக்க வேண்டும்.

செய்த மாற்றங்கள்

முதல் மாற்றம் ஸ்கிரிப்டில். பேட்டரியில் ஓடும்போது கோர்களை அணைக்கும் பகுதியை எடுத்துவிட்டோம். மின்தடையின்போது கேமராக்கள் நின்று இழைகள் தூங்குவதால், அந்தக் கோர்கள் ஏற்கெனவே சும்மா இருக்கும் நிலைக்குப் போய்விடுகின்றன. அவற்றை அணைப்பதால் கூடுதலாகக் கிடைப்பது ஒன்றுமில்லை என்று சொல்லும் அளவுக்குத்தான் இருந்தது.

இது மட்டும் போதும் என்று நிறுத்த எனக்குத் துணிவில்லை. நாளை வேறொருவர் வேறொரு காரணத்துக்காகக் கோரை அணைக்கலாம். அதனால் ஒரு கோர் திரும்பி வரும்போது கெர்னல் அனுப்பும் அறிவிப்பை சாதன மாற்றங்களைக் கவனிக்கும் யுடெவ் சேவையின் விதி ஒன்றால் பிடித்து, இன்டரப்ட் பிணைப்புகளையும் இழைப் பிணைப்புகளையும் மறுபடி அமைக்கும் சிறு சேவையை எழுதினோம். நிரலுக்குள்ளும் ஒரு சரிபார்ப்பு சேர்ந்தது. பட இழை அவ்வப்போது தான் ஓடும் கோர் எண்ணைக் கேட்டுப் பார்க்கும். எதிர்பார்த்த எண் இல்லையென்றால் பதிவில் எழுதி, ஆபரேட்டரின் திரையில் மஞ்சள் பட்டை ஒன்றைக் காட்டும். தண்டு கூடிய பின் தேயிலையைக் கையில் அள்ளிப் பார்த்துக் கண்டுபிடிக்கும் நிலை இனி வேண்டாம் என்பது ஆபரேட்டர்கள் இருவரும் வைத்த கோரிக்கை.

கெர்னலை மாற்றலாமா என்றும் பார்த்தோம். 6.2 பதிப்பிலிருந்து, பயனர் கேட்ட அனுமதிப் பட்டியலைத் தனியாக நினைவில் வைத்துக்கொள்ளும் ஏற்பாடு வந்திருக்கிறது. கோர்களைக் குழுக்களாகப் பிரித்துத் தரும் சிபியுசெட் ஏற்பாட்டில் நடக்கும் மாற்றங்கள் அதை அழித்துவிடாமல் இருக்க அது உதவும். மேம்படுத்தும் நாள் வரும்போது அதே தூங்கும் இழைச் சோதனையை அங்கே ஓட்டிப் பார்த்த பிறகே நம்புவோம். ஐசோல்சிபியுஸைக் கைவிட்டு சிபியுசெட்டுக்கு மாறுங்கள் என்பதே கெர்னல் ஆவணங்களின் பரிந்துரை. அந்த மாற்றத்தைத் தேயிலை வரத்துக் குறையும் பனிக்காலத்துக்கு ஒத்தி வைத்திருக்கிறோம். கொழுந்து குவியும் மாதங்களில் ஓடும் இயந்திரத்தில் கை வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

இப்போது தொழிற்சாலையின் எலக்ட்ரீஷியனிடம் ஒரு சோதனைத் தாள் இருக்கிறது. கணினியில் எந்த மாற்றம் செய்தாலும், இயந்திரத்தின் மின்சாரத்தையும் யுபிஎஸ்ஸுக்கு வரும் மின்சாரத்தையும் ஒன்றாக நிறுத்தி, திரும்பக் கொடுத்த உடனே இயந்திரத்தைத் தொடங்க வேண்டும். பிறகு மூன்று இழைகளின் அனுமதிப் பட்டியலையும் இரண்டு இன்டரப்ட்களின் பத்திகளையும் பார்த்துத் தாளில் குறிக்க வேண்டும். ஒரு நிமிடம் கழித்துத் தொடங்கும் சோதனை இதில் செல்லாது என்று தாளின் தலையிலேயே எழுதியிருக்கிறது. முதல் சோதனையை இரவு ஆபரேட்டரைக் கொண்டே செய்தோம். மூன்று பட்டியல்களும் 1, 2, 3 என்று அதனதன் இடத்தில் இருந்தன.